பிளக்குக்கு அரைச் சுற்று போதும்

1. ஒன்றரை மணி நேரம்

என் ஜோடி மெக்கானிக் மோசஸ் காலை உடைத்துக்கொண்ட நாலாம் நாள் விடியற்காலை எனக்கு போன் வந்தது. பேசியவர் காசிமேட்டு மீன்பிடி லாஞ்சு ஓனர். என்ஜின் பிடிக்கவில்லை, ஐஸ் ஏற்றிவிட்டு ஆட்களெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், உடனே வா என்றார்.

நான் இருப்பது திருவொற்றியூர். டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தால் ஒரு ஆட்டோ இல்லை. மெட்ரோ ஸ்டேஷன் ஷட்டர் இன்னும் ஏறவில்லை. கன்டெய்னர் லாரிக்குக் கையைக் காட்டினால் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறான். நடந்தும், கிடைத்ததில் ஏறியும் நான் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. பக்கத்தில் நின்ற லாஞ்செல்லாம் அதற்குள் கடலுக்குப் போய்விட்டன.

ஓனர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் பொறுமையாகப் பேசினார்.

"பாய், உன் கை மேல எனக்கு டவுட்டே இல்ல. ஆனா கை வூட்ல கீது, என்ஜின் இங்க கீது. நான் இன்னா பண்றது, சொல்லு? தடைக்காலம் முடிஞ்சு லாஞ்சு எறங்கும்ல, அன்னிலேர்ந்து கூப்ட்டா அரை மணில நீ வந்து நிக்கணும். இல்லாங்காட்டி நான் வேற ஆளப் பாத்துக்கறேன். கோச்சுக்காத."

இரண்டு மாத மீன்பிடித் தடைக்காலம் தொடங்க அப்போது பத்து நாள் இருந்தது. தடைக்காலத்தில் எங்களுக்குப் பகல் வேலைதான். என்ஜினை முழுதாகப் பிரித்துப் போட்டு ஓவர்ஹால் செய்வோம். பஸ்ஸில் போய் வரலாம். அது முடிந்த முதல் விடியற்காலையில் நான் என்ன செய்வேன்? அந்த ஓனர் கையில் ஐந்து லாஞ்சு. அவர் போனால் அவரைப் பார்த்து மற்றவர்களும் போவார்கள்.

நீ ஏன் வண்டி வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்பீர்கள். முப்பத்தொரு வருடம் ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின் பார்த்த எனக்கு டூ வீலர் ஓட்டத் தெரியாது. சிரிக்காதீர்கள். நானும் மோசஸும் ஜோடி. நான் என்ஜின் பார்ப்பேன், அவன் டீசல் பம்பும் நாசிலும். அவனிடம் ஆரம்பத்திலிருந்தே வண்டி இருந்தது. நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே ஐம்பத்தேழு வயதாகிவிட்டது. ஹார்பரில் நுழைந்ததும் அந்த ஓனர் என்னைப் பார்த்துக் கேட்க மாட்டார். "மோசஸு, பாய இட்டாந்துட்டியா?" என்று அவனைத்தான் கேட்பார், ஏதோ நான் ஒரு டூல்ஸ் பெட்டி என்பதுபோல.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த வயதில் சொல்ல என்ன வெட்கம்? பயம்தான்.

மோசஸ் ஈர டெக்கில் வழுக்கி விழுந்ததில் இடது முட்டிக்கு மேல் பிளேட் வைத்திருந்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் பின்னால் உட்கார்ந்து போகலாம், இனிமேல் கியர் போட்டு ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டோல்கேட் ஏரியாவில் அவன் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, "பாய், என் காலு போனதுக்கு நான் அழுவல. உன் காலும் சேந்து போச்சேன்னுதான் பேஜாரா கீது" என்றான். அன்று பஸ்ஸில் திரும்பும்போது முடிவு செய்தேன். ஓட்டுகிறது நான்தான்.

2. ஓடாது, அத்த மட்டும் கேக்காத

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் ஒரு காயலாங்கடை. கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில் ஒரு நூறு சிசி வண்டி நின்றது. பன்னிரண்டு வருடத்து வண்டி, அதில் ஐந்து வருடம் நின்ற இடத்திலேயே. உப்புக்காற்றில் மட்கார்டு பூப்பூவாக உரிந்திருந்தது. டயர் இரண்டும் தரையோடு தரை.

"ஆர்.சி. புக்கு கீது பாய். வண்டிக்காரன் பேர மாத்திக் குடுக்க ரெடி. ஆனா ஓடாது. அத்த மட்டும் கேக்காத" என்றார் கடைக்காரர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கடலில் மூழ்கி எழுந்த என்ஜினை ஓட வைத்தவன் நான். இது உள்ளங்கை அளவு என்ஜின். பழைய இரும்பு விலைக்கு வாங்கி, ஒரு மீன்பாடி வண்டியில் ஏற்றி, நானும் அதன் மேலேயே உட்கார்ந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

என் மனைவி நூர்ஜஹான் பிளவுஸ் தைப்பவள். தைத்ததைக் கொடுக்கவும் துணி வாங்கவும் பத்து வருடமாக ஸ்கூட்டி ஓட்டுகிறாள். வாசலுக்கு வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, வண்டியா? இல்ல வண்டியோட மய்யத்தா?"

"பொணமா? பத்து நாள்ல ஓடும் பாரு" என்றேன்.

டேங்கைக் கழற்றி, பழைய நட்டுகளையும் மண்ணெண்ணெயையும் உள்ளே போட்டுக் குலுக்கினேன். துரு டீ டிகாஷன் மாதிரி கொட்டியது. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். ஜெட் துவாரத்தை ஊதித் திறந்தேன். செயின், பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், டயர் எல்லாம் புதிது. காலையில் ஹார்பர், சாயங்காலம் வீட்டு வாசல் என்று எட்டு நாள் போனது. ஒன்பதாம் நாள் கிக்கரை மிதித்தேன். ஐம்பது தடவை மிதித்தேன். ஒரு இருமல்கூட இல்லை.

லாஞ்சு என்ஜின் பிடிக்கவில்லை என்றால் எங்கள் கை தானாகப் போகிற இடம் ஒன்றுதான். டீசல் லைனில் காற்று புகுந்திருக்கும். நட்டைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும் வரை விட வேண்டும். ஏர் எடுப்பது என்போம். நான் என்ன செய்தேன் தெரியுமா? கார்புரேட்டர் அடியில் இருக்கும் ஸ்குரூவைத் தளர்த்திவிட்டு, நுரை வருகிறதா என்று இரண்டு நாள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வீடே பெட்ரோல் நாற்றம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நூர்ஜஹான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. என் ஸ்கூட்டி நின்னு போனா மெக்கானிக்கு மொதல்ல பிளக்கத்தான் கழட்டிப் பாப்பான். நீங்க பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. டீசல் என்ஜினுக்குப் பிளக் கிடையாது. அமுக்கத்திலேயே எரியும். பெட்ரோலுக்குப் பிளக் வேண்டும், கரண்ட் வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கை அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான். முப்பத்தொரு வருடப் பழக்கம் கண்ணைக் கட்டிவிட்டது.

கழற்றிப் பார்த்தால் பிளக் கரிக்கட்டை. பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலிலிருந்து வரும் வயரை எலி கடித்திருந்தது. மறுநாளே இரண்டும் புதிதாக வாங்கிப் பூட்டி, பிளக்கை வெளியே என்ஜின் மேல் வைத்துக் கிக்கரை அடித்தேன். சட் சட்டென்று நீலமாகப் பொறி பறந்தது. யா அல்லாஹ்! கத்தியே விட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அடுத்த முட்டாள்தனம்.

3. த்ரெட் போச்சு

லாஞ்சு என்ஜின் ஹெட் போல்ட்டை வெறும் ஸ்பேனரால் இறுக்கினால் எங்களுக்குத் திருப்தி வராது. ஸ்பேனரில் ஒரு பைப்பைச் சொருகி, உடம்பு பாரத்தையே கொடுப்போம். அலையில் ஆடுகிற என்ஜின், லூஸாகிவிடக் கூடாது இல்லையா? பிளக்கைப் போட்டேன். இறுகியது. இன்னும் கொஞ்சம் என்றது கை. பைப்பைச் சொருகினேன்.

வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் திடீரென்று லேசாகிவிட்டது. அந்த லேசு எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். பிளக் தன் பாட்டுக்குச் சுற்றியது. வெளியே இழுத்தால் அதன் த்ரெட்டில், அதாவது மரையில், அலுமினியம் சுருள் சுருளாக ஒட்டியிருந்தது. ஹெட்டின் த்ரெட் மொத்தமாகப் போய்விட்டது.

வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. நூர்ஜஹான் டீ கொண்டுவந்து வைத்தாள். அன்று அவள் கிண்டல் செய்யவில்லை. அதனால் இன்னும் அழுகை வந்தது.

மறுநாள் ஹெட்டைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி, கொருக்குப்பேட்டையில் தெரிந்த லேத்துப் பட்டறைக்குப் போனேன். லேத்துக்காரர் துவாரத்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இன்னா பாய், கப்பல் நட்டுன்னு நெனச்சுக்கினியா?"

"ஆமாம்பா" என்றேன்.

துவாரத்தைப் பெரிதாக்கி, உள்ளே புஷ் என்கிற ஒரு உலோக வளையத்தை அடித்து, அதில் புது த்ரெட் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது சொன்னார்: "கையால திருவு. அதுவா நிக்கும். அப்பறம் ஸ்பேனர்ல அரை சுத்து. அதுக்கு மேல ஒரு மயிரெழ வேணாம்."

அப்படியே செய்தேன். அரைச் சுற்றில் நிறுத்தக் கைக்கு மனசே வரவில்லை. ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். நாலாவது கிக்கில் வண்டி பிடித்தது. கருப்பும் வெள்ளையுமாகப் புகை விட்டு, தடதடத்து, பிறகு நிதானமாக ஓடியது. மோசஸுக்கு போன் போட்டு சைலன்சர் பக்கத்தில் பிடித்தேன். கொஞ்ச நேரம் கேட்டான்.

"ஐடிலிங் கொஞ்சம் ஜாஸ்தி கீது பாய், கொறை" என்றான். பிறகு, "சோக்கா கீது" என்றான்.

4. கழுத்தை நெரிக்காதீங்க

பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், எல்.எல்.ஆர். எல்லாம் முடிந்தது. எண்ணூர் ரோட்டோரம் ஒரு காலி கிரவுண்டு. விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு நானும் நூர்ஜஹானும் போவோம். ஸ்கூட்டிக்குக் கியர் இல்லைதான், ஆனாலும் பேலன்ஸும் பிரேக்கும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். கியரும் கிளட்சும் போனில் மோசஸ்.

கிளட்சைப் பட்டென்று விடுவேன். வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றுவிடும். ஒரு வாரம் இதே கதை. விழுந்து முழங்கை தேய்ந்தது. ஒரு நாள் அவள் கிட்டே வந்து, ஹேண்டில் பாரைப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்தாள். நகமெல்லாம் வெளுத்திருந்தது.

"ஏங்க, அது உங்களுக்கு இன்னா துரோகம் பண்ணிச்சு? ஏன் கழுத்த நெரிக்கிறீங்க? பட்டுத் துணி மெஷின்ல ஓடும்போது நான் இழுக்கவா செய்யறேன்? சும்மா கைய வச்சிருப்பேன், அதுவா போவும்."

லேத்துக்காரர் சொன்னதும் இதுதானே! விரலைத் தளர்த்தினேன். கிளட்சை, பிளக்கைத் திருகுகிற மாதிரி, மெதுவாக விட்டேன். வண்டி போனது. கிரவுண்டின் மறுகோடி வரை போனது. அங்கே எப்படித் திரும்புவது என்று தெரியாமல் இறங்கி நின்றேன். அங்கிருந்து பார்த்தால் அவள் துப்பட்டாவை வாயில் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

டெஸ்டில் முதல் தடவை பெயில். எட்டு போடும்போது பழைய புத்தி வந்துவிட்டது. பயத்தில் முன் பிரேக்கை நெரித்தேன், கால் ஊன்றிவிட்டேன். "பெரியவரே, கால் பட்டுச்சு. அடுத்த வாரம் வாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். தடைக்காலம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. அந்த வாரம் முழுக்க நூர்ஜஹான் கோலப்பொடியால் கிரவுண்டில் எட்டு வரைந்தாள். நான் அதன் மேல் ஓட்டி ஓட்டி அழித்தேன்.

அடுத்த வாரம் கால் படவில்லை. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "எதுக்கு இந்த வயசுல?" என்று கேட்டார்.

"வேலைக்கு சார்" என்றேன்.

5. யார் யாரை

தடை முடிந்து லாஞ்சுகள் இறங்கும் அன்று விடியற்காலை போன் அடித்தது. எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன். என்ஜின் பிடிக்கவில்லை. "பாய், அரை மணி" என்றார் ஓனர்.

முதல் கிக்கில் வண்டி பிடித்தது. டோல்கேட்டில் மோசஸ் ஊன்றுகோலோடு ரோட்டோரம் தயாராக நின்றான். ஏறி உட்கார்ந்து பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டான். கன்டெய்னர் லாரிகளுக்கு ஓரமாகப் போகிறேன். பின்னால் ஒரே அலறல்.

"பாய், மெதுவா! லாரி வர்து! பாய், பள்ளம்!"

இத்தனை வருடம் நான் அவன் முதுகில் கத்தியதெல்லாம் அப்படியே திரும்பி வந்தது. எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

இருபத்திரண்டாவது நிமிடம் ஹார்பருக்குள் நுழைந்தோம். ஓனர் போனும் கையுமாக நின்றிருந்தார். விளக்கு வெளிச்சம் கண்ணில் அடித்ததில் அவருக்கு மோசஸ் மடியிலிருந்த பெட்டி மட்டும்தான் தெரிந்தது போலிருக்கிறது. பழக்க தோஷம், ஓட்டி வந்தது மோசஸ்தான் என்று நினைத்துக் கேட்டார்:

"மோசஸு, பாய இட்டாந்துட்டியா?"

மோசஸ் ஊன்றுகோலை ஊன்றி மெதுவாக இறங்கினான்.

"ஓனரே, நல்லா பாரு. பாயிதான் என்ன இட்டாந்தாரு."

ஓனர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரே பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். டீசல் லைனில் காற்றுதான். நட்டைத் தளர்த்தினேன், நுரை வந்தது, நின்றது. திரும்ப இறுக்கும்போது கை தானாக ஒரு இடத்தில் நின்றுவிட்டது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. எத்தனை நட்டை வீணாக நெரித்திருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. மற்ற லாஞ்சுகளோடு எங்கள் லாஞ்சும் கிளம்பியது. ஐந்து லாஞ்சும் இன்றைக்கும் எங்கள் கையில்தான்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பிளக்கைக் கையால் திருகுங்கள், நின்ற பிறகு அரைச் சுற்று போதும். உங்கள் கைக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிற நாளில் வீட்டில் இருப்பவர் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள். வண்டி ஓட்ட ஐம்பத்தேழு வயது வரை காத்திருக்காதீர்கள். அப்படியே காத்திருந்துவிட்டாலும், ஐம்பத்தெட்டு வரை தள்ளாதீர்கள்.