உடைந்த பரிசலும் ஓர் உரிமமும்

இன்று நாமக்கல்லிலிருந்து ஜேடர்பாளையம் திரும்பும் பேருந்தில், என் பக்கத்தில் ஒரு மீனவர் உடைந்த பரிசல் துண்டொன்றை மடியில் வைத்திருந்தார். அதில் அவருடைய உரிம எண் எழுதியிருந்தது.

“பாதிப் பரிசலுக்கு அரை டிக்கெட்டுங்களா?” என்று நடத்துநர் சிரித்தார். மீனவர் சிரிக்கவில்லை.

“பாறையில மோதி உடைஞ்சு போச்சுங்க சார். பரிசலைக் காட்டுனாத்தான் மீன்வளத்துறை ஆபீசுல லைசென்சைப் புதுப்பிப்பாங்களாமா. மிச்சம் இதுதானுங்கன்னு கொண்டுபோனேன். முழுசாக் கொண்டான்னுட்டாங்க.”

“அதுவரைக்கும் வேற யாரோட பரிசல்லயாச்சும் போலாமில்லீங்க?” என்று கேட்டேன்.

“அதுல இருக்கறது அவங்க நெம்பருங்க. புடிச்சா ரெண்டு பேரு லைசென்சும் போயிரும். இனி கரையில நின்னு ஆத்தைப் பாக்க வேண்டியதுதானுங்க.”

சிலேட்டு உடைந்த பிள்ளையின் பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து நான் ஒருநாளும் நீக்கியதில்லை.

நம் ஆசிரிய நண்பர்களில் யாராவது நீக்கியிருக்கிறீர்களா?