தேரன்று நாங்கள் மலையில் நின்றோம்

வீடு முழுக்க மிளகாய் வறுபடும் நெடி... தும்மிக்கொண்டே அட்லஸில் விரலை ஓட்டினேன். சிங்கப்பூர், கோலாலம்பூர், அதற்கு மேலே கேமரன் மலை.

பயணத்துக்கு நாள் குறிக்கும் முன்பே அம்மா சித்திக்கு மிளகாய்த்தூள் ஆயத்தப்படுத்தத் தொடங்கிவிட்டார்!

அப்போது நான் தரம் எட்டு. அகதியாக சுவிஸ் போன சித்தியால் இலங்கைக்கு மட்டும் வர முடியாது. அம்மாவும் அவரும் பிரிந்தது நான் பிறப்பதற்கு முன். இடையில் ஏதாவது நாட்டில் சந்திப்போம் என்று முடிவானதும், "நீதானே புத்தகப்பூச்சி, பயணத்தை நீயே போடு" என்றார் சித்தி.

அவருக்குப் பெரிய நகரத்துக் கடைகள் வேண்டும். எனக்கு மலை வேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு மலை என்றால் படம்தானே...

இரண்டையும் பொருத்தி, பள்ளி விடுமுறையில் நாள் குறித்து, பெருமையோடு காட்டினேன். அம்மா சுவர்க் கலண்டரைப் பார்த்தார். கையில் கரண்டி அப்படியே நின்றது.

"உது நல்லூர்த் திருவிழாவெல்லே பிள்ளை? தேரண்டைக்கு நாங்கள் எங்கை?"

"மலையிலை அம்மா..."

எனக்குத் தெரிந்து அம்மா நல்லூர் முருகன் கோயில் தேரைத் தவறவிட்டதே இல்லை. சித்திக்கோ வேறு லீவு கிடைக்காது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டார். பயணமே நின்றுவிடுமோ என்று பயந்தேன்.

கடைசியில் அப்பாதான் சொன்னார். "தேருக்கு நான் நிக்கிறன். போனிலை காட்டிறன். நீர் போய் உம்மடை தங்கச்சியைப் பாரும்."

சிங்கப்பூர் விமான நிலையத்தில் இருவரும் கட்டிப்பிடித்தார்கள். அதை எனக்கு எழுத வரவில்லை. அழுகைக்கு நடுவில் சித்தி கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

"அக்கா, தூள் கொண்டந்தனியோ?"

தேர் நாள். கேமரன் மலையில் ஒரே பனிமூட்டம். தேயிலையும் தெரியவில்லை, போனில் சிக்னலும் இல்லை. அம்மா போனை உயர்த்திப் பிடித்தபடி அங்குமிங்கும் நடந்தார். நானும் பின்னாலேயே நடந்தேன். நான் போட்ட திட்டமல்லவா...

பிறகு போனைக் கைப்பையில் வைத்துவிட்டு, பனியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"முருகன் மலையிலைதானேடி இருக்கிறவர்."

"நல்லூரிலை மலையே இல்லையேக்கா!" என்றார் சித்தி.

"அதுதான் தேரிலை ஏறுறார் போலை."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஈர வாங்குப் பலகையில் நெருங்கி இருந்து, இருட்டும்வரை கதைத்தார்கள்.

இப்போது நான் உயர்தர வகுப்பு. சித்தி தினமும் வீடியோவில் வருகிறார். அங்கே குழம்பு கொதிப்பதுகூட இங்கே தெரியும். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே "சரி, வைக்கிறன்"...

அடுத்த பயணத்துக்கு நேற்று மறுபடி அட்லஸை எடுத்தேன்.

"எந்த நாடெண்டாலும் போடு பிள்ளை," என்றார் சித்தி. "சிக்னல் இல்லாத மலை ஒண்டை மட்டும் விட்டிடாதை."

அம்மா அடுப்படியிலிருந்து, "ஓம், ஓம்" என்றார்.