பின்சீட்டில் நாலு பேர்

மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பது வருடமாக வில்லை தேய்ப்பவர் அவர். மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வந்துவிடும் என்பதால் எதையும் இரண்டு தரம் அளப்பார். அப்படிப்பட்டவர் கார் ஷாக் அப்சார்பர் விஷயத்தில் கோட்டை விட்டதை மைத்துனர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

அந்தக் காரின் பின்பக்க ஷாக்குகள் தனி ரகம். ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கும். தெருமுனை தாண்டுவதற்குள் தானாகவே எழும்பிச் சமமாகிவிடும். மகளும் மருமகனும் பேரனும் ஏறி, சின்னவள் தன் அம்மா மடியில் உட்கார்ந்ததும் கார் கிளம்பும். "தூக்கிருச்சு தாத்தா!" என்று சின்னவள் கத்துவதற்காகவே அவர் மெதுவாக ஓட்டுவார். அவர்கள் கடல் தாண்டிக் குடிபோய் ஐந்து வருடமாகிறது. "அடுத்த லீவுக்குப் பாக்கலாம்ப்பா" என்பாள் மகள், ஒவ்வொரு லீவுக்கும். இதற்கிடையில் ஷாக்குகளில் எண்ணெய் கசிந்து, எழும்புவதும் நின்றுபோனது.

அந்த ரகம் இப்போது வருவதில்லை. சாதாரண ஷாக்குகள் இரண்டை வாங்கிவந்தார். ஒரு விடுமுறை நாளில் வாசலிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, துருப்பிடித்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்டி மாட்டினார். மதியம் காரைத் தரையில் இறக்கினால், பின்பக்கம் அமுங்கியது அமுங்கியபடியே நின்றது.

கை துடைக்கத் துணி கொண்டுவந்த மனைவி படியிலேயே நின்றுவிட்டாள். "பின்னாடி யாரு உக்காந்திருக்கா?"

யாரும் இல்லை. ஆனாலும் அவர் குனிந்து ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

உதிரிபாகக் கடை வைத்திருக்கும் மைத்துனருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"என்ன அத்தான் நீங்க! பழைய ஷாக்கு பாதி பாரத்தை அதுவே சுமந்துச்சு. அதனால மெலிசு ஸ்பிரிங்கா வச்சிருப்பான். ஷாக்கை மாத்தினா ஸ்பிரிங்கையும் மாத்தணும்ல? என்னை ஒரு வார்த்தை கேட்டா கொறைஞ்சா போயிடுவீங்க?"

"குத்திக்காட்டினது போதும். ஸ்பிரிங் இருக்கா?"

"ரெண்டு தினுசு இருக்கு. ரெண்டு பேரு மட்டும் போற வண்டிக்கு ஒண்ணு. பின்னாடி ஆளு நெறைய ஏறுற வண்டிக்குக் கெட்டியா ஒண்ணு. பின்னாடி எத்தனை பேரு?"

அவர் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"நாலு."

"எந்த நாலு? அக்காவும் நீங்களும்தானே போறீங்க? கெட்டி ஸ்பிரிங்கைப் போட்டு வண்டியைக் காலியா ஓட்டினா குதிரை மாதிரி தூக்கிப்போடும், சொல்லிட்டேன். அக்கா, நீயாச்சும் சொல்லேன்!"

"அவரு கேட்டதையே குடுத்துவிடுடா," என்றாள் மனைவி.

அடுத்த விடுமுறையில் கெட்டி ஸ்பிரிங்குகளை மாட்டினார். இப்போது காரின் பின்பக்கம் நாலு விரல்கடை உயர்ந்தே நிற்கிறது. சின்னப் பள்ளத்துக்கும் இருவரும் எகிறி விழுகிறார்கள்.

நேற்று காய்கறி வாங்கித் திரும்பும்போது மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "பின்சீட்டுல ரெண்டு மூட்டை மணலாவது போட்டு வைங்களேன். கொஞ்சம் அமுங்கும்."

"மணலைப் போட்டா அவங்க எங்க உக்காருவாங்க?"

அவள் அடுத்த பள்ளம் வருவதற்குள் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.