புதன்கிழமை மதியம்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து விழுங்கும் சக்தி போனபோது நான் ஆரியசாலையில் ஒரு மொத்த அரிசிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக வயிறுவரை ஒரு குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். தலையை உயர்த்தி வைத்து, சிரிஞ்சில் கஞ்சியை மெல்ல விடவேண்டும் என்று நர்ஸ் ஒரே ஒரு தடவை செய்து காட்டினாள். குழாய் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று அவள் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தோன்றவில்லை.

முதல் வாரமே அடைத்துக்கொண்டது. ஆட்டோவில் மனைவியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனேன். அங்கே பெஞ்சில், கணவருக்குக் குழாய் மாற்ற வந்திருந்த ஒரு அம்மாள் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தாள். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் வீடு, நாஞ்சில் நாட்டுக்காரி, என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள்.

“கஞ்சிய எதுல வடிக்கீங்க, தம்பி?”

“டீ அரிப்புல.”

“அது போராது, கேட்டியளா. பழைய வேட்டித் துணியில வடிக்கணும். கஞ்சி விட்டதும் கொஞ்சம் இளஞ்சூட்டு வெள்ளம் விட்டு டியூபைக் கழுவணும்.”

தன் பக்கத்து வீட்டு போன் நம்பரையும் கொடுத்தாள். அதன்பிறகு இருமல் வந்தால், வயிறு உப்பினால், அவளைத்தான் போனில் கூப்பிட்டுக் கேட்டேன்; அக்கா என்றே அழைக்கத் தொடங்கினேன். சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஆரஞ்சுமாக வந்தார்கள். “என்ன உதவின்னாலும் சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. கடைக்குப் போக முடியாததால் முதலாளி கணக்குகளை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்.

சில மாதங்களில் அக்காவின் கணவர் இறந்துபோனார். காரியங்கள் முடிந்தபின் ஒரு புதன்கிழமை மதியம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“வீட்ல இருக்க முடியல தம்பி. நேரமானா கை சிரிஞ்சத் தேடுது. நான் இவகூட இருக்கேன். நீங்க வெளிய போயிட்டு வாங்க.”

“எங்க போக, அக்கா?”

“அது எனக்கு எப்படி அறியும்? எங்கயாச்சும் போங்க.”

மனைவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் முதலில் வந்த பஸ்ஸில் ஏறினேன். அது கழக்கூட்டம் போகிற பஸ். அங்கே எனக்குத் தெரிந்தவர் யாருமில்லை. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பையன்களும் பெண்களும் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்து பருப்பு வடை தின்றேன். வாசனை மனைவிக்கு எட்டக்கூடாதென்று, வீட்டில் பல மாதங்களாக அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டு வந்தேன். உட்கார்ந்து சூடாக எதையும் தின்று எவ்வளவு நாளாகியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. எந்நேரமும் அவள் இருமலுக்காகக் காத்திருந்த காதுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது, அவ்வளவுதான். அதே வழியில் திரும்பி வந்தேன்.

மனைவியின் தலைமுடியைச் சிக்கெடுத்து இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள் அக்கா.

“பின்தலை முழுக்க சடை விழுந்து கெடந்துது. நீங்க கண்டில்லையா?”

நான் பார்த்திருக்கவில்லை. அடுத்த புதன்கிழமை கேட் சத்தம் கேட்டதும் மனைவியின் கண் வாசலுக்குப் போனது.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படி நடந்தது. சில புதன்கிழமைகளில் நான் வெளியே போகாமல் அடுத்த அறையில் தூங்கினேன். அக்கா என்னை எழுப்பியதில்லை. இடவப்பாதி மழை நேரத்தில் காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கி மனைவி இறந்தாள். அக்கா அன்று முழுவதும் கூடவே இருந்தாள். பிறகு நாகர்கோவிலில் மகள் வீட்டோடு போய்விட்டாள். நான் மறுபடி கடைக்குப் போகத் தொடங்கினேன்.