நேற்றோடு பார்த்தால்

இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறவளுக்கு ஆயுசில் பாதி, கேள்வியைக் கேட்டுவிட்டுச் சிரித்த முகத்தோடு காத்திருப்பதிலேயே போய்விடும். நீங்களும் யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவர் என்றால், அந்தச் சிரிப்பில் கன்னம் வலிக்கும் வலி உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

கேரள எல்லையோரம் பாறசாலையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், வெளிநாட்டு வேலைக்குப் பரீட்சை எழுதும் நர்சுகளுக்கு நான் இங்கிலீஷ் எடுக்கிறேன். கீழே பப்ஸ் வேகிற வாசனை கிளம்பிவிட்டால் மேலே ஒருத்தர் மண்டையிலும் ஒன்றும் ஏறாது. படிக்க வருகிறவர்கள் எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். வகுப்பில் நான் 'டீச்சர்', படியிறங்கினால் 'மக்கா'. இவர்களைத் திணறடித்தது பெரிய பெரிய வார்த்தை ஒன்றுமில்லை. 'கம்பேர்ட் டு' என்ற சாதாரணமான ஒன்றுதான். இதோடு பார்த்தால் அது எப்படி, அவ்வளவுதான் சங்கதி. அதற்கு நான் பட்ட பாடு இருக்கிறதே!

யாருக்கு உயரம்?

குன்னத்துகால் லதா அக்காவையும் பொழியூர் ஷைனி அக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். லதா அக்கா நல்ல உயரம். ஷைனி அக்கா அவர் தோளுக்குத்தான் வருவார். 'கம்பேர்ட் டு ஷைனி, ஐ ஆம் டால்' என்று லதா அக்கா சொன்னால் பாடம் முடிந்தது.

லதா அக்கா ஷைனி அக்காவைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு யாருக்கும் தெரியாமல் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நின்றுகொண்டு சொன்னார்: "ரெண்டு பேரும் ஒரே உயரமாக்கும் டீச்சர். முகத்துக்கு நேரே நின்னு ஒராளைக் குட்டைன்னு சொல்லவா நான் இங்க படிக்க வந்தேன்?"

லண்டனும் அம்பூரியும்

சரி, மனுஷரை விடுவோம், ஊரை ஒப்பிடுவோம் என்று ஸ்டீபன் அண்ணனிடம் திரும்பினேன். அம்பூரிக்காரர். விடியற்காலையில் சொந்த ரப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டு, குளித்துச் சட்டை மாற்றி வகுப்புக்கு வருகிற ஆண் நர்ஸ். "லண்டனையும் அம்பூரியையும் வைத்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள்" என்றேன்.

"கம்பேர்ட் டு அம்பூரி..." என்று கம்பீரமாக ஆரம்பித்தவர் அங்கேயே நின்றுவிட்டார். குளிரைச் சொல்லுங்கள், கூட்டத்தைச் சொல்லுங்கள், எதையாவது சொல்லித் தொலையுங்கள் அண்ணா என்று கெஞ்சாத குறை. அவர் பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்யப்போகிறவர் மாதிரி யோசித்துவிட்டுச் சொன்னார்: "காணாத ஊரைக் கண்ட ஊரோட எப்படி டீச்சர் சேத்து வைக்கியது? போயிட்டு, போன்ல விளிச்சு சொல்லட்டா?"

வெரி குட்

அன்றைக்கு ஷைனி அக்காவிடம் அவர் வீட்டைப்பற்றிப் பேசச் சொன்னேன். நெய்யாற்றின்கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர். புருஷன் கடலுக்குப் போகிறவர். ஷைனி அக்கா இந்தப் பரீட்சையில் ஏற்கெனவே தோற்றவர், அதுவும் ஒரு தடவை மட்டுமில்லை. ஷைனி அக்கா எழுந்து, ஒரு திக்கலும் இல்லாமல் சொன்னார்: "கம்பேர்ட் டு லாஸ்ட் இயர், த சீ இஸ் நியரர் டு மை ஹவுஸ்." போன வருஷத்தோடு பார்த்தால், கடல் என் வீட்டுக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது.

அந்த வார்த்தையை ஒருத்தர் முதல்முதலாகச் சரியாகச் சொல்லிக் கேட்ட சந்தோஷத்தில் என் வாய் பழக்கதோஷத்தில் "வெரி குட்!" என்றது. வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. இந்தப் பரீட்சை பாஸானால்தான் வெளிநாட்டு வேலை, அந்த வேலை கிடைத்தால்தான் கரையைவிட்டு உள்ளே தள்ளி ஒரு வீடு. ஷைனி அக்கா மட்டும் சிரித்தார். "குட் ஒண்ணும் இல்ல டீச்சர், பின்ன வாக்கியம் செரிதானே?"

பேதம் உண்டு

பரீட்சையில் பேச்சுக்கு ஒரு அட்டை தருவார்கள். நீங்கள் நர்ஸ், எதிரே இருப்பவர் நோயாளியின் மகள், நோயாளிக்கு நேற்றைவிட மோசம், அதை அவளுக்குப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். நான் மகளாக உட்கார்ந்தேன். ஷைனி அக்கா அட்டையைப் படித்தார், என் கையைப் பிடித்தார், 'கம்பேர்ட் டு எஸ்டர்டே, ஹி இஸ் பெட்டர்' என்றார். அட்டையைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். படித்தார். மறுபடியும் 'பெட்டர்'!

எங்கள் பக்கத்து வழக்கம் இது. நோயாளி எப்படி என்று யார் கேட்டாலும் 'பேதம் உண்டு' என்போம், அதாவது தேவலை. மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தாலும் பேதம் உண்டு. மலையாளத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் அதே பதில்தான். "இப்படிச் சொன்னால் இந்தத் தடவையும் ஃபெயில்தான் அக்கா" என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தெரியும் டீச்சர். ஆனா தீனம் கூடிப்போச்சுன்னு நம்ம வாயால சொன்னா, நாமளே அதைக் கூட்டின மாதிரில்லா இருக்கு!"

எட்டாம் நம்பர் கட்டில்

அடுத்த மாதம் என் அப்பாவுக்குக் காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, ஷைனி அக்கா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே எட்டாம் நம்பர் கட்டிலில் சேர்த்தோம். பார்க்க வந்த மாமா "பேதம் உண்டு" என்றார். ஆரஞ்சுப் பையோடு வந்த பக்கத்து வீட்டு அக்கா "முகத்துல ஒரு தெளிச்சம் உண்டு" என்றார். நானும் அம்மாவுக்குப் போன் செய்து அதையேதான் சொன்னேன். வகுப்பில் அத்தனை பேசின நான்!

காலை டியூட்டிக்கு வந்த ஷைனி அக்கா, அப்பாவின் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார், நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தார், வெளியே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தார். "அப்பாவுக்குப் பேதம் உண்டுல்லா அக்கா?" என்றேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக: "கம்பேர்ட் டு எஸ்டர்டே, யுவர் ஃபாதர் இஸ் வொர்ஸ். ஹி மஸ்ட் கோ டு அ பிக்கர் ஹாஸ்பிடல். நவ்." டாக்டர் சீட்டு எழுதிவிட்டார், ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. நான் அழுதுகொண்டே ஓடினேன்.

மதியம்வரை வைத்திருந்தால் கஷ்டம்தான் என்று திருவனந்தபுரத்தில் சொன்னார்கள். அப்பா பிழைத்து வீட்டுக்கு வந்தபிறகு போய் ஷைனி அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்: "தமிழுல சொல்ல எனக்கு நாக்கு எழும்பல்ல மக்கா. இங்கிலீஷுல சொன்னப்பதான், அது எனக்க வாயி இல்லாத மாதிரி இருந்துது."

ஏர்போர்ட்டில்

ஷைனி அக்கா பாஸாகிவிட்டார். அட்டையில் என்ன வந்தது என்று கேட்டேன். "உனக்க அப்பாவத்தான் நெனச்சிட்டுப் பேசினேன்" என்றார், அதற்குமேல் நான் கேட்கவில்லை. புறப்படுகிற அன்று ஏர்போர்ட்டுக்கு நான், லதா அக்கா, ஸ்டீபன் அண்ணன் எல்லாரும் போயிருந்தோம். அப்பாவும் வருவேன் என்று அடம்பிடித்து, இஸ்திரி போட்ட வேட்டியோடு வந்தார். ஷைனி அக்காவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், விடவேயில்லை.

அழக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வகுப்பில் கேட்கிற குரலிலேயே, "ஹவ் ஆர் யூ ஃபீலிங், ஷைனி?" என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் என்னைத் திருத்தினார்: "கம்பேர்ட் டு என்ன டீச்சர்? மொதல்ல அதைச் சொல்லுங்க!"

நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷால் இதுவரை நிஜமாகவே பிழைத்த ஒரே ஆள், இங்கிலீஷில் ஒரு எழுத்தும் தெரியாத என் அப்பாதான்.