அப்பா பார்க்காத அந்த நாடகம்

நேற்று கிள்ளானில், முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருந்தபோது, என் அப்பா சொன்ன ஒரு பொய்யின் சாயம் வெளுத்துவிட்டது.

அப்பா போன வருடமே காலமாகிவிட்டார். (ஆள் தப்பித்தார்.)

விஷயம் இதுதான். எண்பதுகளின் தொடக்கத்தில் டிவியில் வந்த ஒரு தமிழ்த் தொடர் நாடகத்தில் அப்பா ஒரே ஒரு வாரம் தலைகாட்டினார். ரயில்வேயில் வேலை, பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வீடு. ஆனாலும் அதன்பிறகு தன்னை 'ஆர்ட்டிஸ்ட்' என்றுதான் அறிமுகப்படுத்திக்கொள்வார். என்ன வேஷம் என்று கேட்டால் மட்டும் பதில் மாறும். ஒரு தீபாவளிக்கு டாக்டர், அடுத்த தீபாவளிக்கு இன்ஸ்பெக்டர்.

அது டிவியில் வந்த அன்றுதான் நான் பிறந்தேன்.

"ஒனக்காக ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னேன்மா. என் நாடகத்த நானே பாக்கல."

கணக்கில் மார்க் குறைந்தால் இந்த வசனம். தோழிகளோடு படத்துக்குப் போகக் கேட்டால் இந்த வசனம். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரைப் பிடித்து வைத்துக்கொண்டு இதே வசனம்.

பிறந்ததற்காக ஆயுசு முழுக்க ஸாரி கேட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அதனால், முதல் வருட நினைவு நாளுக்குள் அந்த நாடகத்தைத் தேடிப் பிடித்து, அவர் படத்துக்கு முன்னால் ஓடவிடுவது என்று முடிவு செய்தேன். அப்படியாவது என்னை விடுகிறாரா பார்ப்போம்.

எங்கெங்கோ கேட்டேன், கிடைக்கவில்லை. பழைய டிவி நிகழ்ச்சிகளை வீட்டில் சேர்த்து வைத்திருப்பவர்களைப் பிடியுங்கள் என்று இந்தக் குரூப்பில்தான் யாரோ சொன்னீர்கள். பிடித்தேன். அவர்கள் ஒரு தனி ரகம்.

சுபாங் ஜெயாவில் ஓர் அங்கிள் வீடியோ டேப்புகளுக்கென்றே ஏர்கோன் அறை வைத்திருந்தார். அவர் மனைவி ஹாலில் காத்தாடிக்குக் கீழே உட்கார்ந்து செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். நான் தேடிய நாடகம் முழுசாக இருக்கிறதாம்.

"போட்டுக் காட்டுங்க அங்கிள்."

"ஓடவிட்டா டேப் கெட்டுடும்மா. பதிஞ்சு வெச்சதோட சரி, நானே இன்னும் பாத்ததில்ல."

டேப்பின் அட்டையைப் பார்க்க அனுமதித்தார். கொஞ்சம் தள்ளி நின்று.

காஜாங் ஆன்டி தாராளமானவர். போன உடனே போட்டார். டைட்டில் வந்தது, பெயர்கள் ஓடின, சட்டென்று நாதஸ்வரம் கேட்டது.

"மக கல்யாணத்துக்கு வேற டேப் கெடைக்கலம்மா. இதும்மேலயே எடுத்துட்டோம். இரு, மாப்பிள்ளைய பாத்துட்டுப் போ."

பந்தியில் கடைசி ஆள் கை கழுவும்வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

கடைசியாகக் கிள்ளான். சாமுவேல் அங்கிள். அம்மாவும் கூட வந்திருந்தார்.

"வீடியோ இல்லம்மா. அதுக்கெல்லாம் அப்ப வசதி ஏது. டிவி முன்னால ரேடியோ கேசட்ட வெச்சு சவுண்ட மட்டும் புடிச்சிடுவேன்" என்றார் அங்கிள். கேசட்டைப் போடுவதற்கு முன்பே மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

"நீ கேட்ட அந்த வார நாடகம் மட்டும் க்ளியரா இருக்காது. அப்ப எங்க வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல. தெரியாத ஆளு ஒருத்தன், டிவி பாத்துட்டுப் போயிடறேன்னு உள்ள வந்துட்டான். வாயே மூடல."

கேசட் ஓடியது. சோக இசை. ஒரு பெண் அழுகிறாள். அதற்கு மேல் ஓர் ஆண் குரல்.

"இப்ப வருவேன் பாருங்க. அந்தா, கட்டில்ல."

அம்மா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

அப்பா. என்னைவிடச் சின்ன வயதில், தெளிவான குரலில். வீட்டில் அந்தக் குரலைக் கேட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது.

கேசட்டில் இளவயது சாமுவேல் அங்கிள் கேட்கிறார்: "அண்ணே, அது பொணம்லா."

"பொணந்தான். ஆனா கதையே அதச் சுத்தித்தான்."

"பொணத்துக்கு வயிறு ஏறி எறங்குதே."

"பேசாம பாருங்க பாஸ். முக்கியமான சீன்."

டாக்டரும் இல்லை, இன்ஸ்பெக்டரும் இல்லை.

"சம்சாரம் ஆஸ்பத்திரில இருக்குன்னீங்களே அண்ணே?"

"இந்த சீன் முடிஞ்சதும் ஓடிடுவேன்."

சாமுவேல் அங்கிள் கேசட்டை நிறுத்தினார். "சொன்னேன்ல, நாசம் பண்ணிட்டான். எந்த ஊரு ஆளோ."

"எங்க வீட்டுக்காரர்தான்" என்றார் அம்மா.

அங்கிள் அவசரமாக எழுந்து பிஸ்கட் எடுக்க உள்ளே போய்விட்டார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "வாசல்லயே நின்னேன்னு சொன்னாரேம்மா."

"நின்னாருதான். வர்ற போற நர்ஸ்கிட்டயெல்லாம் 'இன்னிக்கு நான் டிவில வரேன்'னு சொல்லிக்கிட்டு நின்னாரு. மானம் போச்சு. நான்தான் போய்ப் பாத்துட்டு வாங்கன்னு தொரத்திவிட்டேன்."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல?"

"அதச் சொல்லித்தான் ஒன்ன படிக்க வெச்சாரு. நடுவுல நான் எதுக்குக் கெடுக்கணும்?"

அங்கிள் பிஸ்கட்டோடு வந்ததும் அம்மா கேட்டார்: "ஓடிடுவேன்னு சொன்னாரே, அந்த எடத்த இன்னொருக்கா போடுங்க."

அங்கிள் பின்னால் சுற்றிப் போட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்புறம் மறுபடியும் போடச் சொன்னார்.

நினைவு நாளன்று அந்தக் கேசட்டைத்தான் போடப்போகிறேன். அப்பாவே வந்து கேட்கட்டும். என் ஸாரிகளையெல்லாம் வாபஸ் வாங்கிவிட்டேன்.

சுபாங் ஜெயா அங்கிள், நீங்களும் இந்தக் குரூப்பில் இருக்கிறீர்கள், தெரியும். அந்த டேப்பை ஒரே ஒரு தடவை ஓடவிடுங்கள். அதில் என் அப்பாவின் வயிறு ஏறி இறங்குகிறதாம். நானும் அம்மாவும் அதைப் பார்க்க வேண்டும்.