பதுளையில் ஒரு டிசைன் கடை

‘சின்னதா ஒரு மாற்றம்தான்’ என்று வாடிக்கையாளர் சொன்னால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். நீங்களும் இந்தத் தொழிலில் இருந்தால் இப்போது தலையாட்டியிருப்பீர்கள். இல்லையென்றால், உங்கள் வீட்டுக் கல்யாண அட்டையை வடிவமைத்துக் கொடுத்தவர் எங்கேயோ உட்கார்ந்து உங்களை நினைத்துத் தலையாட்டியிருப்பார்.

பதுளைக் கடைவீதியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். நானும் நிலந்தியும் மட்டும்தான். சிங்கள எழுத்து வேலையெல்லாம் நிலந்தி பார்த்துக்கொள்வார். அவருக்குத் தெரிந்த தமிழ் முழுக்க வாடிக்கையாளர்கள் குறை சொல்லும்போது கேட்டுக் கற்றுக்கொண்டது. அதனால் அவர் தமிழில் பேச ஆரம்பித்தாலே எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும்.

நாங்கள் கடை திறந்தது பிராண்டிங் செய்வதற்கு. அதாவது, ஒரு தொழிலுக்கு ஒரு பெயர், பார்த்தவுடன் அடையாளம் தெரிகிற ஒரு தோற்றம் உண்டாக்கிக் கொடுப்பதற்கு. இரண்டு வருடமாகியும் அப்படி ஒரு வேலை வரவில்லை. பேனர், நோட்டீஸ், அட்டை, அவ்வளவுதான். கொழும்பில் விளம்பர நிறுவனமொன்றில் இருக்கும் நண்பன் எனக்காக ஓர் இடம் பிடித்து வைத்திருந்தான். தைப்பொங்கலுக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் உருப்படியாக ஒரு பிராண்டிங் வேலையைச் செய்து முடித்தால் பதுளை, இல்லாவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு ரயில் ஏறுவது என்று முடிவு செய்திருந்தேன். போக எனக்குக் கொஞ்சமும் மனமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முக்கியமானது

ஐப்பசி மழையில் ஒரு பெரியவர் குடையை மடக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர். இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். கேட்க ஆள் கிடைக்காத விஷயத்தைக் கேட்டுவிட்டார் அல்லவா, நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார வைத்தேன். லோகோ என்றால் என்ன, ஒரு கடைக்கு ஏன் ஒரே நிறம் இருக்க வேண்டும் என்று கணினியில் படம் காட்டி இருபது நிமிடம் விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். நிலந்தி தேநீர்கூட ஊற்றிக் கொடுத்துவிட்டார்.

தேநீர் முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து, இரண்டு கொப்பி வேண்டும் என்றார். எங்களிடம் கொப்பி மெஷின் இல்லை என்றேன். அவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். கோபமில்லை, உண்மையான இரக்கம்தான்.

“இம்புட்டு சாமான் வாங்கிப் போட்டிருக்கீங்க தம்பி, முக்கியமானத மட்டும் விட்டுட்டீங்களே.”

சும்மா கிடக்கிற இடம்

அடுத்து வந்தவர் பலசரக்கு மொத்த வியாபாரி. தாத்தா காலத்திலிருந்து பதுளையில் கடை. கடைக்குப் புதுப் பெயர்ப் பலகை வேண்டும், ‘மொடர்னா’ இருக்க வேண்டும் என்றார். இதுதான் அந்த வேலை என்று நினைத்தேன். மூன்று நாள் உட்கார்ந்து செய்தேன். ஆழ்ந்த பச்சைப் பின்னணி, மூன்று மொழியிலும் கடைப் பெயர், ஓரத்தில் சின்னதாக ஒரு தராசு. மற்றபடி சுற்றிலும் நல்ல காற்றோட்டமான வெற்றிடம்.

முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். பிறகு அந்த வெற்றிடத்தில் விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். இங்கே முருகன், இங்கே லட்சுமி, இங்கே அப்பா, இங்கே நான்கு தொலைபேசி எண்கள், மிச்சத்தில் பருப்பு, சீனி, கருவாடு. முருகனுக்குப் பக்கத்தில் கருவாடு வருகிறதே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். கருவாட்டை லட்சுமிப் பக்கமும் கொண்டுபோக முடியாததால் அதை அடிமட்டத்தில், தொலைபேசி எண்களுக்குக் கீழே போட்டோம். வெற்றிடம் இருந்தால்தான் கண் பெயரில் போய் நிற்கும் என்று கடைசியாக ஒரு தடவை வாதாடினேன்.

“தம்பி, என் கடையில ஒரு ராக்கை காலியா இருந்தா ஜனங்க சரக்கு இல்லேன்னு போயிருவாங்க. போர்டு மட்டும் எப்பிடி காலியா இருக்கலாம்?”

கோட்டு

அப்புத்தளையிலிருந்து ஒருவர் தாயாருடன் வந்தார். அப்பா இறந்து முப்பத்தோராம் நாளுக்கு நினைவஞ்சலி அட்டை. கிளை வெட்டிக் கழிக்கும் கவ்வாத்து வேலையில், தேயிலைச் செடியோடே காலம் கழித்த மனிதர். அவருடைய படம் என்று இருந்தது அடையாள அட்டையில் உள்ளது மட்டும். அதைப் பெரிதாக்கி, கோட்டும் டையும் போட்டுத் தரச் சொன்னார் மகன். இது எங்களுக்குப் புதிதில்லை. இறந்துபோன எத்தனையோ பேருக்குக் கோட்டு மாட்டியிருக்கிறேன். கணினியில் மூன்று நிறத்தில் தயாராகவே இருக்கிறது.

நீல நிறத்தைப் போட்டேன். உள்ளுக்குள் எனக்குச் சிரிப்புதான். படித்தவன் இல்லையா, உண்மைக்கு மாறான படம் என்று ஓர் இளக்காரம். அந்த அம்மா ஈரக்குடையைக் காலடியில் வைத்துவிட்டு எழுந்து வந்து திரையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அதன் பிறகு நான் கோட்டைப் பற்றிச் சிரித்ததில்லை.

“நல்லா இருக்காரு. இருக்கையில ஒரு நாளாவது இப்பிடி உடுத்தச் சொல்லிப் பாத்திருக்கலாம்.”

முத்தின இலை

கார்த்திகை நடுவில்தான் வந்தது உண்மையான வேலை. லுணுகலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து செல்வமலர் என்ற அக்கா தொலைபேசியில் பேசினார். அவரோடு சேர்த்துப் பதினொரு பெண்கள். வாரம் முழுக்கத் தோட்டத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் தங்களுக்குக் கிடைத்த சிறு துண்டு நிலத்துத் தேயிலையைக் கையாலேயே உருட்டி, காயவைத்து, தூளாக்கியிருந்தார்கள். எல்ல என்ற சுற்றுலா நகரில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியொன்றின் உரிமையாளர் பொங்கலுக்கு முந்தின வாரம் வந்து பார்ப்பார். தூள் அவருக்கு ஏற்கெனவே பிடித்துவிட்டது. பாக்கெட்டும் பிடித்தால் மாதாமாதம் எடுப்பார். பிடிக்காவிட்டால் அந்தத் தூள் அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டு அடுப்போடு நின்றுவிடும். அவர்களுக்கும் எனக்கும் ஒரே நாளில் தீர்ப்பு.

நான் மேசையை விட்டு எழாமல், இணையத்தில் கிடைத்த படங்களைப் பார்த்து ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணை வரைந்தேன். கூடை, மூக்குத்தி, புன்னகை. மாதிரிப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு பசறை வழியாக பஸ்ஸில் போனேன். பாக்கெட் கைமாறிக் கைமாறிப் போனது. ஒவ்வொரு கையிலும் ஒரு சிரிப்பு கூடியது. செல்வமலர் அக்கா படத்துப் பெண்ணின் விரல்களைக் காட்டினார்.

“இவ சிரிச்சுக்கிட்டே முத்தின எலையா பறிக்கிறா தம்பி. கங்காணி பாத்தா அம்புட்டையும் கீழ கொட்டச் சொல்லிருவாரு.”

சரியான படம்

திரும்பி வரும் வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. நான் லயத்தில் பிறந்தவன். என் அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னை டிசைன் படிக்க வைத்தார். அந்தக் கை எதைப் பறித்தது, எதை விட்டது என்று நான் ஒரு நாளும் கவனித்துப் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து மலைக்கே போனேன். மழையில் நின்று பார்த்து வரைந்தேன். இடுப்பில் மழைக்குச் சுற்றிக் கட்டும் படங்கு, காலில் பூட்ஸ், விரலிடையில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். முகத்தில் சிரிப்பில்லை. நிலந்தி பார்த்துவிட்டு, “இதுல குறை சொல்ல எனக்குத் தமிழ் இல்ல” என்றார். ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது பெண்களும் மெச்சினார்கள். அச்சு அசல் நம்மதான் என்றார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படம் வேண்டாம் என்றார் செல்வமலர் அக்கா. பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம்தான். கடையில் ஒரு பொருளை ஆட்கள் கண்ணால்தான் வாங்குகிறார்கள், படம் இல்லாத பாக்கெட் தோற்றுவிடும், தோற்றால் உங்களுக்கும் நஷ்டம் எனக்கும் நஷ்டம் என்று சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, உண்மைதான். அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

“எங்க படத்தப் போட்டுத்தானே தம்பி எல்லாரும் தேயிலை விக்கிறாங்க. ஒரு பாக்கெட்டுலயும் எங்க பேரு இல்ல. நாங்க விக்கிறதுலயாச்சும் பேரு இருக்கட்டும்.”

பேர் வாசித்த நாள்

வரைந்த படத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். பழுப்பு நிறப் பாக்கெட்டில் பதினொரு பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, மூன்று மொழியிலும் அடித்தோம். நிலந்தி ஒவ்வொருவரையும் தொலைபேசியில் பிடித்து, பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுத்தான் சிங்களத்தில் எழுதினார். பாக்கெட் சுத்தமாக இருந்தது. ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த வாரம் கொழும்பில் வாடகை அறை விசாரித்தேன்.

விடுதிக்காரர் சொன்ன நாளில், நானும் அங்கே இருக்கும்போது, செல்வமலர் அக்காவின் லயத்து வீட்டுக்கு வந்தார். பதுளைக்காரர், தமிழர். பாக்கெட்டைப் புரட்டிப் பார்த்து, “படம் ஒன்னும் இல்லையா?” என்றார். பதிலுக்குக் காத்திராமல் பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். “செல்வமலர்.” செல்வமலர் அக்கா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்தார். “இருக்கேங்க.” விடுதிக்காரர் திடுக்கிட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததை வாசித்தார். “புஷ்பராணி.” “இருக்கேங்க.” காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும்போது பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்கள். அவர்கள் நினைத்துச் செய்யவில்லை. பதினொன்றாவது பெயர்வரை அப்படியே போனது. ஒவ்வொரு பெயருக்கும் அவர் தலையை உயர்த்தி அந்த முகத்தைப் பார்த்தார். முடிந்ததும் பாக்கெட்டை இரண்டு கையாலும் கீழே வைத்தார்.

இந்த மாதத்திலிருந்தே எடுக்கிறேன், இதில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வாசலுக்கு வந்து கொழும்பு நண்பனை அழைத்து, வரவில்லை என்று சொன்னேன். குரல் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டான். மழை என்றேன். உள்ளே திரும்பியபோது பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். செல்வமலர் அக்கா என் பக்கம் திரும்பினார்.

“பொறந்ததுலருந்து பேரு கூப்பிட்டா வேலைக்குத்தான் தம்பி. இன்னைக்குத்தான் பேரு கூப்பிட்டும் எங்கள யாரும் மலைக்கு அனுப்பல.”

நான்கு வருடம் படம் வரையப் படித்த என்னைப் பதுளையிலேயே நிலைக்க வைத்தவர்கள், படமே வேண்டாம் என்று சொன்ன பதினொரு பேர்தான்.